இரண்டு ஒன்பதாம் சிம்பொனிகள்: ஒலிப்பதிவு தரும் சாட்சி

சில ஆண்டுகளுக்கு முன், இசையும் வழிபாடும் பற்றிய வகுப்பொன்றில், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியை மாணவர்களுக்கு இசைத்துக் காட்டினோம். நாம் தேர்ந்துகொண்டது, 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் பெர்லினில் நடத்திய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு. இதனினும் வலிமை வாய்ந்த பதிவொன்றை நாம் கேட்டதில்லை என்பதே அத்தேர்வுக்குக் காரணம். இசை முடிந்ததும் வகுப்பு சிறிது நேரம் பேச்சற்றிருந்தது. பின்வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, 1942 என்றீர்களே, அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் யார்?" என வினவினார். "பெர்லின் நகரத்தார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அது விடையன்று; விடையைத் தவிர்க்கும் வழி. இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் காலந்தாழ்த்திச் செலுத்தும் கடன்.

மேலை நாட்டுப் பல்லிய இசையின் ஒலிப்பதிவுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் காலப்பிரமாணம், ஒலித்தெளிவு, கருவிகளின் ஒருங்கிணைவு ஆகியவற்றைக் கொண்டே அவற்றை மதிப்பிடுவர். இவை இன்றியமையாதன. ஆயினும் இசைத்தட்டு இசையை மட்டும் காத்து வைப்பதில்லை. ஒரு நாளையும், ஒரு மண்டபத்தையும், அங்கு மூச்சுவிட்டிருந்த மனிதரையும் சேர்த்தே அது காத்து வைக்கிறது. அவ்வகையில் அது ஒரு சாட்சி. சாட்சியை விசாரியாமல் விடுவதும் தவறு. சாட்சி சொல்லாததை அதன் வாயில் திணிப்பதும் தவறு. இக்கருத்தை விளக்க இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1938இல் வியன்னாவில் பதிவான மாலரின் ஒன்பதாம் சிம்பொனி; மற்றது மேலே சொன்ன பெர்லின் பதிவு. இரண்டுக்கும் இடையே உள்ள காலம் நான்கு ஆண்டுகளும் சில வாரங்களுமே.

1. பதிவு செய்யும் முறை

இவ்விரு பதிவுகளும் உருவான முறையை முதலில் அறிதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிட இசையே அடங்கும். ஆகவே கூடத்தில் பதிவு செய்யும்போது, பக்கம் முடியுமிடத்தில் நிறுத்தி, மறு பக்கத்துக்கு மீண்டும் தொடங்குவர். சிம்பொனி ஒன்று இவ்வாறு பத்து, இருபது துண்டுகளாக வெட்டுண்டே மக்களை அடைந்தது. பொது நிகழ்ச்சியை அது நடக்கும்போதே பதிவு செய்ய வேண்டுமாயின், ஒரு பொறி நிற்குமுன் மற்றொன்றைத் தொடங்கி மாற்றி மாற்றி இயக்க வேண்டும். செலவும் இடையூறும் மிகுந்த இம்முறையை நிறுவனங்கள் அரிதாகவே மேற்கொண்டன.

ஜெர்மனியில் வேறொரு வழி உருவாயிற்று. ஏ.இ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னடோஃபோன் என்னும் ஒலிநாடாப் பொறியைக் காட்சிக்கு வைத்தது. தொடக்கத்தில் அதன் இரைச்சல் மிகுதி. 1940இல் ஜெர்மன் வானொலியின் பொறியாளர் வால்ட்டர் வேபர், உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைப் பயன்படுத்தி அவ்விரைச்சலைப் பெரிதும் குறைத்தார். அதன்பின் நீண்ட இசைப் பகுதிகளைத் துண்டாக்காமல், மெல்லொலியும் பேரொலியும் ஒருங்கே விளங்கப் பதிவு செய்வது இயல்வதாயிற்று. பிற நாடுகள் போர் முடிந்த பின்னரே இந்நுட்பத்தை முழுமையாக அறிந்தன. ஓர் உண்மை இங்கே நம்மை உறுத்துகிறது. அக்காலத்துச் சிம்பொனி இசையை மிகத் தெளிவாக நமக்குக் காத்துத் தந்த கருவி, கோயபல்ஸின் கட்டுப்பாட்டிலிருந்த வானொலியின் கருவியாகும்.

2. வியன்னா, 1938 ஜனவரி 16

குஸ்தாவ் மாலர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1897இல், வியன்னா அரசவை இசைநாடக அரங்கின் பதவியை ஏற்குமுன், கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். தம் ஒன்பதாம் சிம்பொனியை அவர் கேட்டதில்லை. 1911இல் அவர் இறந்தபின், 1912 ஜூன் மாதம் அவருடைய சீடர் புரூனோ வால்ட்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு அதனை முதன்முறையாக அரங்கேற்றினார். வால்ட்டரும் யூதர். 1933 மார்ச்சில் லைப்சிக்கிலும் பெர்லினிலும் அவர் நடத்தவிருந்த நிகழ்ச்சிகள் மிரட்டலால் தடுக்கப்பட்டன. ஆஸ்திரியா அவருக்குப் புகலிடமாயிற்று. 1938 ஜனவரி 16 அன்று வியன்னாவின் முசிக்ஃபெரைன் மண்டபத்தில், அதே குழுவைக் கொண்டு அதே சிம்பொனியை அவர் மீண்டும் நடத்தினார். ஆங்கிலேய நிறுவனத்தின் சார்பில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் அதனைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே பதிவு செய்தார். பத்து இசைத்தட்டுகள், இருபது பக்கங்கள்.

எட்டு வாரங்கள் கழிந்து, மார்ச் 12 அன்று ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. மாலரின் இசை அங்கே தடைக்குள்ளாயிற்று. வால்ட்டர் அப்போது நாட்டுக்கு வெளியே இருந்தார், திரும்பவில்லை. 1881 முதல் அக்குழுவின் தலைமை வயலின் கலைஞராயிருந்த அர்னால்ட் ரோசே, மாலரின் தங்கையை மணந்தவர். அவரும் வெளியேற்றப்பட்டு, 1946இல் லண்டனில் அகதியாக மாண்டார். அவர் மகள் ஆல்மா ரோசே, அவுஷ்விட்ஸ் முகாமில் சிறைப்பட்ட பெண்களின் இசைக்குழுவை நடத்தும்படி வைக்கப்பட்டு, 1944 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். குழுவின் யூத உறுப்பினர் எழுவர் அவ்வாட்சியின் கொடுமைக்குப் பலியாயினர்.

இவற்றை அறிந்தபின் இப்பதிவைக் கேட்போம். தயங்கித் துடிக்கும் செல்லோ. அதற்கு விடை கூறும் கொம்பு. மணியடிப்பதுபோல் யாழின் நான்கு ஒலிகள். பின் இரண்டாம் வயலின்கள் ஏந்தி வரும், இரண்டே சுரங்களாய் இறங்கும் அந்தப் பெருமூச்சு. மண்டபத்தில் யாரோ இருமுகிறார். வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்கின்றன; நம் செவிக்கு அது கருநாடக இசையின் ஜாரு என்னும் கமகத்தை நினைவூட்டும். அக்கால வியன்னாவில் அது இயல்பான வழக்கம். பின்னாளில் பெரிதும் மறைந்துவிட்டது. சில இடங்களில் கருவிகள் சரிவர இணையவில்லை. மூன்றாம் பகுதியின் வேகத்தில் குழு தடுமாறி மீள்கிறது. இக்குறைகளால் பதிவு தாழ்ந்துவிடவில்லை.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இப்பதிவைப் பற்றி எழுதுவோர் பலர், குழுவினர் வரப்போகும் அழிவை முன்னுணர்ந்து வாசித்ததாகச் சொல்வர். அது எளிதாகத் தோன்றும் ஆறுதல். உண்மையாவென ஐயுற வேண்டும். அரசியல் நெருக்கடி அவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் தத்தம் முடிவை அவருள் எவரும் அறியார். வால்ட்டர் இறுதிப் பகுதியை ஏறத்தாழ 18 நிமிடங்களில் முடிக்கிறார். பிற்காலத்தில் 25 நிமிடங்களையும் கடந்து அதனை நீட்டியோர் உண்டு. வால்ட்டரின் நடையில் புலம்பல் இல்லை, விடைபெறும் பாவனை இல்லை. தம் ஆசானின் படைப்பைத் தம் நண்பர்களோடு செம்மையாக வாசிக்கும் மனிதரின் நடை அது. நம்மை வருத்துவதும் இதுவே. வேலை நாளொன்றைப் போலவே அவர்கள் வாசிக்கிறார்கள். அழிவு அவர்களுடைய இசையில் இல்லை. அவர்களைச் சூழ்ந்த நாட்டில் இருந்தது. பதிவு காத்து வைத்திருப்பது ஒரு முன்னறிவிப்பையன்று; இழக்கப்பட்ட ஒரு சாதாரண நாளை.

3. பெர்லின், 1942 மார்ச்

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழு 1934 முதல் அரசின் உடைமை. பிரசார அமைச்சகத்தின் கீழ் இயங்கிற்று. அதன் யூதக் கலைஞர்கள், தலைமை வயலின் கலைஞரான சீமோன் கோல்ட்பெர்க் உட்பட, போருக்கு முன்னரே வெளியேறினர். எஞ்சியோருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. அவர்கள் வாசித்த பழைய ஃபில்ஹார்மோனி மண்டபம் பெர்ன்பர்கர் தெருவில், அன்ஹால்ட்டர் தொடர்வண்டி நிலையத்துக்கு மிக அருகில் இருந்தது. 1942 மார்ச் 22 முதல் 24 வரை அங்கே ஒன்பதாம் சிம்பொனி வாசிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் அன்ஹால்ட்டர் நிலையத்திலிருந்து முதிய யூதர்கள், வழக்கமான பயணிகள் வண்டிகளுடன் இணைக்கப்பட்ட பெட்டிகளில், தெரேசியன்ஸ்டாட்டுக்கு அனுப்பப்பட்டனர். பெர்லினின் வேறொரு நிலையமாகிய குருனவால்டிலிருந்து இவ்வனுப்புதல் 1941 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. மாந்தர் யாவரும் உடன்பிறந்தாராவர் என்னும் ஷில்லரின் கருத்தைப் புரூனோ கிட்டல் பாடகர் குழு முழக்கிய நாட்கள் இவை.

இனி இசையைக் கருதுவோம். முதற் பகுதி, வடிவம் பெறாத இருளிலிருந்து எழுவதுபோல, மிக மெல்லிய நடுக்கத்தில் தொடங்குகிறது. ஃபுர்ட்வெங்லர் அவ்விருளை அவசரப்படுத்துவதில்லை. கருப்பொருள் மீண்டும் வரும் நடுவிடத்தில் பீத்தோவன் டி மைனரை விட்டு டி மேஜரில் பேரொலி எழுப்புகிறார். வேறெங்கும் ஒளியைக் குறிக்கும் அவ்விசைவு இங்கே அச்சத்தைத் தருகிறது. இப்பதிவில் அவ்விடத்தில் டிம்பனி என்னும் பெருமுரசு இடைவிடாது உருளும்போது, மற்றக் கருவிகளெல்லாம் அவ்விடியில் அமிழ்ந்துபோகின்றன. அக்கால ஒலிவாங்கி அதைத் தாங்க இயலாமல் ஒலி சிதைகிறது. அச்சிதைவும் இன்று இசையின் ஒரு பகுதியாகவே நமக்குக் கேட்கிறது.

மூன்றாம் பகுதியாகிய அடாஜியோவுக்கு அவர் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 20 நிமிடங்கள். பீத்தோவன் எழுதிய மெட்ரனோம் எண்களைப் பின்பற்றுவோர் இதனை 12 அல்லது 13 நிமிடங்களில் முடிப்பர். எண்ணின்படி பார்த்தால் ஃபுர்ட்வெங்லர் செய்தது பிழை. ஆயினும் அம்மெதுநடையில் இசை எங்கும் தேங்கவில்லை. நீண்ட மூச்சொன்றாகவே செல்கிறது. இறுதிப் பகுதியில், கேருபீன் கடவுளின் சமுகத்தில் நிற்பதைப் பாடகர் குழு கூறுமிடத்தில், எதிர்பாராத எஃப் மேஜர் இசைவொன்று நிறுத்தப்படுகிறது. அதனை அவர் பாடுவோர் மூச்சு இற்றுவிடுமோ என நாம் அஞ்சும் அளவுக்கு நீட்டுகிறார். முடிவிலோ, கருவிகள் தொடர இயலாத விரைவில் குழு முழுவதும் பாய்கிறது. களிப்பின் பாட்டு என நாமறிந்த ஒன்று, இங்கே தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவோரின் கூக்குரல்போல் ஒலிக்கிறது. நம் ஆலயங்களில் ஆங்கில ஞானப்பாட்டாகப் பாடப்படும் அதே மெட்டுதான் இது என்பதை நம்புவது கடினம்.

இவ்வொலிநாடா பின்னர் அடைந்த கதியும் குறிப்பிடத்தக்கது. 1944 ஜனவரியில் அம்மண்டபம் குண்டுவீச்சில் அழிந்தது. 1945இல் பெர்லின் வானொலியின் ஒலிநாடாக்கள் பல மாஸ்கோவுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1960களில் சோவியத் நிறுவனமாகிய மெலோதியா அவற்றைத் தட்டுகளாக வெளியிட்ட பின்னரே உலகம் இவ்விசையைப் பரவலாகக் கேட்டது. நாடாக்களின் படிகள் 1987இல் பெர்லினுக்கு வந்து சேர்ந்தன.

4. மூன்று விடைகளும் அவற்றின் குறையும்

ஃபுர்ட்வெங்லர் கட்சியில் சேர்ந்தவரல்லர். 1933 ஏப்ரலில் யூத இசைக்கலைஞரை விலக்குவதை எதிர்த்துக் கோயபல்ஸுக்கு வெளிப்படையான கடிதம் எழுதினார். 1934 நவம்பரில் ஹிண்டமித் என்னும் இசைப்புலவருக்காகப் பத்திரிகையில் வாதாடி, அதன் விளைவாக டிசம்பரில் தம் பதவிகளைத் துறந்தார். யூதர் பலருக்குத் தனிப்பட்ட முறையில் உதவினார். இவையெல்லாம் மெய். பின்னர் அவர் ஆட்சியோடு இணங்கி மீண்டும் மேடையேறினார். அரசு விழாக்களில் நடத்தினார். ஆக்கிரமிக்கப்பட்ட பிராகிலும் இசை நடத்தினார். 1942 ஏப்ரல் 19 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்திய மாலை, இதே குழுவையும் இதே பாடகர் குழுவையும் கொண்டு இதே ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். இதுவும் மெய். 1946 டிசம்பரில் விசாரணைக் குழுவின்முன் நின்று, இறுதியில் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். யூதரான யெஹூதி மெனுஹின் அவருக்காகப் பரிந்து பேசி, 1947இல் அவரோடு வாசித்தார். வேறு பல யூதக் கலைஞர் 1949இல் சிகாகோ அவரை அழைத்ததை எதிர்த்தனர், அவர் போகவில்லை.

இந்நிலையில் கேட்போர் மூன்று வகையாக விடை கூறுகின்றனர். முதல் வகையினர், இசை வேறு, அரசியல் வேறு என்பர். ஃபுர்ட்வெங்லரின் எண்ணமும் பெரிதும் இதுவே. ஆனால் ஆட்சி அவ்வாறு கருதவில்லை. ஆகவேதான் இசைக்குழுவை அது விலைகொடுத்து வாங்கிற்று. பிரிவினை செய்தவன் ஒருவன், பயனடைந்தவன் மற்றொருவன் என்றாகிவிட்டது.

இரண்டாம் வகையினர், 1942ஆம் ஆண்டுப் பதிவின் இடிமுழக்கத்தையே ஓர் எதிர்ப்புக் குரலாகக் கொள்வர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கருதியிருந்தோம். மாணவருக்கும் குறிப்பாக உணர்த்தினோம். இன்று அதனை விட்டுவிட்டோம். மார்ச் மாதத்து முரசு எதிர்ப்பானால், ஏப்ரல் மாதத்து முரசு என்ன? அதே கேரளமற்ற பேரொலியை வீரத்தின் முழக்கமாகக் கேட்டு மகிழ்ந்தவர்களும் அம்மண்டபத்தில் இருந்தனர். ஏப்ரல் நிகழ்ச்சியின் செய்திப்படத்தில், முடிவில் கோயபல்ஸ் மேடையருகே வந்து ஃபுர்ட்வெங்லரின் கையைப் பற்றுகிறார். பின்னர் ஃபுர்ட்வெங்லர் கைக்குட்டையால் கையைத் துடைப்பது தெரிகிறது. அது வெறுப்பின் அடையாளம் என்பர் சிலர். வியர்வையைத் துடைத்தார் என்பர் வேறு சிலர். ஒரு மனிதரின் நீதி முழுவதையும் ஒரு கைக்குட்டையின்மேல் சுமத்த நாம் முனைகிறோம் என்றால், நாம் தேடுவது உண்மையையன்று. நாம் நேசிக்கும் இசைக்கு ஒரு நற்சான்றை.

மூன்றாம் வகையினர், இப்பதிவைக் கேட்கவே கூடாது என்பர். இவர்களை நாம் மதிக்கிறோம். இழப்பைத் தாங்கியோர் அவ்வாறு சொல்லும்போது மறுமொழி கூற நமக்கு உரிமையில்லை. நீதி இல்லாத இடத்தில் எழும் பாட்டைக் குறித்து ஆமோஸ் தீர்க்கதரிசி உரைத்த கடுஞ்சொல்லையும் வாசகர் அறிவர். ஆயினும், இழப்பேதுமில்லாத நாம் செவியை அடைத்துக்கொள்வதால் தூய்மை அடைந்துவிடுவதில்லை. நாகரிகத்தின் மேன்மையான இசையும் மிகக் கொடிய செயலும் ஒரே நகரில், ஒரே தெருவின் தொலைவில், ஒரே காலத்தில் நிகழக்கூடும் என்பதற்கு இப்பதிவினும் தெளிவான சான்று அரிது. சான்றைப் புதைப்பதால் குற்றம் மறையலாம், நீதி பிறவாது.

5. தங்கியிருத்தல் என்னும் கேள்வி

1936இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவின் தலைமை ஃபுர்ட்வெங்லருக்கு அளிக்கப்பட்டது. அங்கே எதிர்ப்பு எழுந்தது, அவரும் ஏற்கவில்லை, ஜெர்மனியில் தங்கினார். தம் மக்களின் இக்கட்டில் அவர்களைவிட்டு விலகலாகாது என்பது அவர் பின்னர் கூறிய காரணம். இக்காரணத்தை இறையியல் மாணவர் எளிதில் தள்ளிவிட முடியாது. 1939 கோடையில் டீட்ரிச் போன்ஹோஃபரும் இதே நியூயார்க்கில் பாதுகாப்பான இடம் பெற்றிருந்தார். சில வாரங்களில் அதைவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பினார். அவர் கூறிய காரணமும் ஏறத்தாழ இதுவே.

ஆகவே தங்கியதா, வெளியேறியதா என்பதைக் கொண்டு மட்டும் ஒருவரை அளக்க இயலாது. வால்ட்டர் துரத்தப்பட்டார், கார்ல் பார்த் பதவியிழந்து 1935இல் பாசலுக்குச் சென்றார், போன்ஹோஃபர் திரும்பி வந்தார். வேறுபாடு, தங்கியது எதற்குப் பயன்பட்டது என்பதில் உள்ளது. ஒருவரின் தங்கல் ஃபுளோசன்பூர்க் முகாமின் தூக்குமரத்தில், 1945 ஏப்ரல் 9 அன்று முடிந்தது. மற்றவரின் தங்கல், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், செய்திப்படத்தில் இடம்பெற்றது. இதனைச் சொல்லும்போது நமக்குப் பெருமிதம் கூடாது. அவ்வாண்டுகளில் ஜெர்மன் திருச்சபையினருள் பெரும்பாலோர் ஃபுர்ட்வெங்லர் எழுதிய அளவுக்குக்கூட எதிர்ப்புக் கடிதம் எழுதியவரல்லர். 1934இன் பார்மென் அறிக்கையும் யூதரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன்ஹோஃபரின் உடன்பிறந்தாள் கிறிஸ்டினேயின் கணவர் ஹான்ஸ் ஃபான் தோனானியும் அதே ஏப்ரல் மாதம் கொல்லப்பட்டார். 1943 ஏப்ரல் 5 அன்று இருவரும் ஒரே நாளில் கைதாயினர்; அப்போது ஹான்ஸின் மகன் கிறிஸ்டோஃபுக்கு வயது 13. அச்சிறுவர் வளர்ந்து இசை நடத்துநரானார்; 1984 முதல் 2002 வரை அமெரிக்காவின் கிளீவ்லாந்து குழுவுக்குத் தலைமை தாங்கினார்; 2025 செப்டம்பரில் மறைந்தார். 1980களில் அக்குழுவைக் கொண்டு அவர் பதிவு செய்த ஒன்பதாம் சிம்பொனியை 1942ஆம் ஆண்டுப் பதிவுக்குப்பின் கேட்டால் முதலில் ஏமாற்றமே தோன்றும். இடியில்லை, தீயில்லை. ஒவ்வொரு கருவியும் தெளிவாகக் கேட்கிறது. நடை சீராகச் செல்கிறது. எவரும் எவரையும் மூழ்கடிப்பதில்லை. முன்பு இதனை உணர்ச்சி குறைந்த பதிவு என ஒதுக்கினோம். இப்போது அத்தீர்ப்பை மாற்றிக்கொண்டோம். மயக்கும் பேராற்றலை நம்பாத ஓர் இசை இது. அதற்கான காரணத்தை நடத்துநரின் வாழ்க்கையில் தேடிப் பொருத்துவது, மேலே நாம் கண்டித்த தவற்றையே மீண்டும் செய்வதாகும், ஆகவே நிறுத்திக்கொள்கிறோம். அளவுடைமையும் ஓர் ஒழுக்கமே என்று மட்டும் சொல்வோம்.

6. சாட்சியையும் சோதித்தல்

பதிவு பொய்யுரைக்காதா என்னும் ஐயமும் எழும். உரைக்கும். 1951 ஜூலை 29 அன்று பைராய்த் இசைவிழா போருக்குப்பின் மீண்டும் திறந்தபோது, ஃபுர்ட்வெங்லர் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். ஹிட்லருக்கு உவந்த தலமாயிருந்த அவ்விடத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்காகவே அது கருதப்பட்டது. அவர் இறந்தபின் 1955இல் இ.எம்.ஐ. வெளியிட்ட தட்டு, அன்று மாலை நிகழ்ந்ததன் நேர்ப்பதிவென அரை நூற்றாண்டு காலம் போற்றப்பட்டது. 2007இல் பவேரிய வானொலியின் நாடாவும், 2021இல் சுவீடன் வானொலியின் ஒலிபரப்புப் பதிவும் வெளிவந்தன. இவற்றை ஒப்பிட்டோர், பழைய தட்டில் ஒத்திகையிலிருந்து எடுத்த பகுதிகள் கலந்துள்ளன எனக் கண்டனர். சிறந்த பகுதிகளை ஒட்டி நல்லதொரு தட்டை உருவாக்குவது இசைத்தட்டுத் தொழிலில் இயல்பே. ஆயினும் வரலாற்றின் ஒரு மாலையென அதனை நெஞ்சில் பதித்துக்கொண்டோருக்கு இது ஒரு பாடம். திருமறையின் படிகளை ஒப்புநோக்கக் கற்ற மாணவருக்கு இவ்வேலை புதிதன்று. அன்பு செலுத்தும் படியையே மிகுதியாகச் சோதிக்க வேண்டும்.

முடிவாக

அன்றைய மாணவரின் கேள்விக்கு இப்போது நாம் இவ்வாறு விடை கூறுவோம். அந்த மண்டபத்தில் அதிகாரிகள் இருந்தனர்; சீருடை அணிந்தோர் இருந்தனர்; வீட்டில் குளிருக்கும் செய்திக்கும் அஞ்சி, ஒரு மணிநேர ஆறுதல் தேடி வந்த சாதாரண மக்களும் இருந்தனர்; ஆட்சியை உள்ளுக்குள் வெறுத்தோரும் இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டியவர் சிலர் இல்லை. அவர்களை அக்கம்பக்கத்தார் அறிந்திருந்தனர். இசை எல்லாரையும் ஒருசேர உருக்கிற்று. உருகியோர் எழுந்து, மேலங்கியை அணிந்து, அந்தத் தொடர்வண்டி நிலையத்தைக் கடந்து வீடு சென்றனர்.

இசை ஒருவரை உருக்கும். அவருக்குப் பதிலாக அறிக்கை செய்யாது. இப்பதிவு நமக்குக் கற்பிப்பது இதுவே. மீண்டும் அவ்வகுப்பை எடுக்கும்போது இத்தட்டை நாம் விலக்கப் போவதில்லை. வால்ட்டரின் வியன்னாப் பதிவை முதலிலும் இதனைப் பின்னும் இசைத்து, ஒவ்வொன்றின் நாளையும் ஊரையும் பலகையில் எழுதிவைப்போம். கேட்டு முடித்தபின் பேச்சற்றிருக்கும் அந்தச் சிறு பொழுதில், அமர்ந்திருப்போர் யார், அமர இடம் மறுக்கப்பட்டோர் யார் என்னும் கேள்வியை மாணவர் எழுப்பும்வரை காத்திராமல் நாமே எழுப்புவோம். அக்கேள்வியை 1942ஆம் ஆண்டுப் பெர்லினிலேயே விட்டுவிட்டு வரலாகாது. நம் பாடகர் குழு அழகாகப் பாடி முடிக்கும் ஞாயிறு காலையிலும் அது கேட்கத்தக்கதே.